கிளாரா என்னும் சொந்தப் பெயர்

(ஒகேனக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெயர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ, எதுவானாலும் சரி என்றார்கள். நான் பேச வந்தது ஓர் ஆட்பெயர், அதிலும் ஒரு பெண்பெயர். ஆனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு ஊர்ப்பெயரைத் தொடாமல் போனால் அது குறையாகும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒகேனக்கல் கன்னடப் பெயர். ஹொகெ என்றால் புகை. கல் அவர்களுக்கும் நமக்கும் பொது. அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை எழுந்து பாறைமேல் புகையாக நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறும் என்பது எல்லைப்புறத்து மக்களாகிய உங்களுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் வழங்கின. அந்த ஒழுங்கில்தான் நம் புகைக்கு நேரான பொகெ, ஹொகெ ஆனது. பிறகு அந்த ஹொகெயைத் தமிழ் வாய் எடுத்துக்கொண்டபோது ஹகரம் உதிர்ந்தது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு வடிவங்கள் மறுபடி சந்தித்துக்கொண்ட இடம் இந்த ஊர்.

ஒலிகள் மனம்போன போக்கில் மாறுவதில்லை, ஒழுங்காகத்தான் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஐரோப்பாவுக்குப் போகும்போதும் இந்தப் பாடம் நமக்குத் தேவைப்படும்.

நான் எடுத்துக்கொண்ட பெயர் கிளாரா. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிய பெயர் அல்ல. கிளாரா மேரி என்று பள்ளி வருகைப் பதிவேட்டில் வாசித்திருப்பீர்கள். இதன் வரலாற்றை நான் ஒரு கேள்வியோடு படித்தேன். ஒரு பெண்ணுக்குத் தகப்பன் குலத்தையும் கணவன் வீட்டையும் சாதியையும் சாராத, அவளுக்கே உரிய ஒரு பெயர் எப்போது கிடைத்தது, கிடைத்த பிறகு அந்தப் பெயரால் அவளை யார் கூப்பிட்டார்கள் என்பதே அந்தக் கேள்வி.

லத்தீன் மொழியில் கிளாரூஸ் என்பது ஆண்பால் உரிச்சொல், கிளாரா பெண்பால். அகராதியில் ஒளியுள்ள, தெளிவான, புகழ்பெற்ற என்று பொருள் போட்டிருக்கும். பெயரகராதிகள் எல்லாம் ‘ஒளிமிக்கவள்’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். ஆனால் இந்தச் சொல்லின் வேர் ஒளியில் இல்லை, குரலில் இருக்கிறது. கலாரே என்றால் கூவி அறிவித்தல், கிளாமாரே என்றால் உரக்கக் கூப்பிடுதல். ரோமாபுரியில் மாதத்தின் முதல் நாளைப் பூசாரி கூவி அறிவித்ததால் அந்த நாளுக்குக் கலெண்டை என்று பெயர் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அதன் வழித்தோன்றல். கிளாரா இந்தக் குடும்பத்துச் சொல். முதலில் காதுக்குத் தெளிவாகக் கேட்பது என்று பொருள்பட்டு, பிறகு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்றாகி, அதன் பிறகே ஊரறிந்த புகழ் என்ற பொருளை அடைந்தது.

குரல் என்ற பழைய பொருளை நாம் இன்றும் ஓர் இசைக்கருவியில் வைத்திருக்கிறோம். கிளாரினெட் என்ற பெயரின் அடியில் இருப்பது இதே லத்தீன் சொல்தான். அந்தக் கருவி தமிழ்நாட்டில் சதிர்க் கச்சேரியின் பின்பாட்டில் இடம்பிடித்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பால் கர்நாடக இசை மேடையில் தனிக் கச்சேரிக்கு உரியதாயிற்று. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த அந்தக் கலைஞருக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெயரின் வேருக்கும் அவர் வாசிப்பின் தன்மைக்கும் உள்ள பொருத்தத்தை நினைத்து நான் மகிழ்ந்ததுண்டு. அவ்வளவே, மேலே செல்கிறேன்.

ரோமானியர்களிடம் அழகான சொல் இருந்தது, ஆனால் அதைப் பெண்ணுக்குப் பெயராகச் சூட்டும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. ரோமானியப் பெண்ணுக்குத் தனிப்பெயரே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கொர்னேலியஸ் குலத்தில் பிறந்தால் அவள் கொர்னேலியா, யூலியஸ் குலத்தில் பிறந்தால் யூலியா. ஒரே வீட்டில் மூன்று பெண்கள் பிறந்தால் மூவருக்கும் ஒரே பெயர்தான். சிசரோவின் பகைவனான கிளோடியஸின் சகோதரிகள் மூவருமே கிளோடியா. வேறுபடுத்த வேண்டும் என்றால் மூத்தவள், இளையவள், மூன்றாமவள் என்று ஒட்டுப் போடுவார்கள். ஆணுக்கு மூன்று பெயர்கள் இருந்த நாகரிகத்தில் பெண்ணுக்கு இருந்தது தகப்பன் குலத்தின் பெண்பால் விகுதி மட்டும்.

பேரரசு காலத்தில் கிளாரா என்ற சொல் பெண்களிடம் வந்தது, ஆனால் பட்டமாக வந்தது. செனட்டர் குடும்பத்துப் பெண்களைக் கிளாரிசிமா ஃபேமினா என்றார்கள், மிகப் புகழ்பெற்ற பெண்மணி என்று பொருள். அந்தப் புகழ் அவள் ஈட்டியது அல்ல. தகப்பனாலோ கணவனாலோ வந்தது. தகுதி குறைந்தவனை மணந்தால் பட்டம் போய்விடும் என்று சட்டமே இருந்தது. கி.பி. 193இல் சில வாரங்களே ஆண்ட பேரரசன் டிடியஸ் யூலியானஸின் மகள் பெயர் டிடியா கிளாரா. அவள் பெயர் பொறித்த நாணயங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அதில் டிடியா தகப்பன் குலம், கிளாரா அவளுக்கு உரியது. தகப்பன் கொல்லப்பட்டதும் மகளின் பட்டமும் பறிக்கப்பட்டது.

இந்தச் சொல்லைத் தன் பெயராக நிலைநிறுத்திய பெண் பிறக்க மேலும் ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இத்தாலியில் அசிசி என்ற மலைநகரம். அங்கே பிரபுக் குடும்பம் ஒன்றில் 1190களில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்கு அஞ்சிக் கோயிலில் மன்றாடிய தாய் ஒர்த்தொலானாவுக்கு, உலகுக்கு ஒளிதரும் விளக்கு ஒன்றைப் பெறப்போகிறாய் என்று அருள்வாக்குக் கிடைத்ததாகவும், அதனால்தான் கியாரா என்று பெயரிட்டதாகவும் அவர் வரலாறு கூறுகிறது. 1212ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு இரவில் அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியேறினார். அதே ஊர்த் துறவி பிரான்சிஸ் அவர் கூந்தலைக் கத்தரித்தார். உறவுக்காரர்கள் இழுத்துப்போக வந்தபோது பீடத்துத் துணியைப் பற்றிக்கொண்டு, கத்தரித்த தலையைத் திறந்து காட்டினார். அதற்குமேல் அவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சான் தமியானோ என்ற சிறு மடத்தில் வாழ்ந்தார். அவர் வாழ்வில் என்னை மிகவும் கட்டிப்போடுவது அந்த இரவு அல்ல, அவர் எழுதிய ஒழுங்குநூல். அதுவரை துறவுப் பெண்களுக்கான விதிகளை ஆண்களே எழுதினார்கள். பெண்களுக்கு ஒரு பெண்ணே விதி எழுதித் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது அதுவே முதல்முறை. 1253 ஆகஸ்ட் 9ஆம் நாள் ஒப்புதல் வந்தது. 11ஆம் நாள் அவர் இறந்தார். அந்த நூலில் அவர் தகப்பன் பெயரையோ குலத்தையோ சொல்லவில்லை. தன்னைக் கிளாரா என்றே சொல்லிக்கொள்கிறார். இரண்டே ஆண்டுகளில், 1255இல், புனிதர் பட்டம் கிடைத்தது. பட்டமளித்த ஆவணத்தின் தொடக்கமே அவர் பெயரின் பொருளை வைத்துச் சொல்லடுக்காக அமைந்திருக்கிறது.

இனி ஒலியைக் கவனியுங்கள். ஏட்டில் கிளாரா, வீட்டில் கியாரா. லத்தீனின் ‘க்ல’ இத்தாலிய மொழியில் ‘கிய’ ஆகும். கிளாமாரே அங்கே கியாமாரே, சாவியைக் குறிக்கும் கிளாவிஸ் அங்கே கியாவே. பால் ஹாலு ஆனதைப் போன்ற ஒழுங்கு இது. பிரெஞ்சில் இடையில் வரும் ஆகாரம் ஏகாரமாகி, ஈற்றுயிர் தேய்ந்து, கிளேர் ஆயிற்று. கடலைக் குறிக்கும் மாரே அங்கே மேர் ஆனதும் அப்படியே. நார்மானியரோடு அது கடல் கடந்து இங்கிலாந்தில் கிளேர் என்றே குடியேறியது. ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் பேச்சு மொழி இதே ‘க்ல’வை மாற்றிக்கொண்டிருந்தும் பெயர் மட்டும் கிளாராவாகவே இருந்துவிட்டது. காரணம், அதை மக்கள் தங்கள் பாட்டியிடமிருந்து கேட்கவில்லை, கோயிலில் லத்தீனாகக் கேட்டார்கள். ஜெர்மானியர், போலந்துக்காரர், செக் மக்கள், அங்கேரியர் ஆகியோரிடமும் கிளாராதான். எழுத்தில் மட்டும் முதலெழுத்து மாறும், செக்கிலும் அங்கேரியிலும் நடு உயிர் நீளும். செல்லமாக அழைக்கும்போது அங்கேரியில் கிளாரி, நெதர்லாந்தில் கிளார்ட்யே.

அங்கேரியைச் சொல்லும்போது ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கிளாரா என்ற பெண் நாகி யானோஷ் என்பவரை மணந்தால், அவள் நாகி யானோஷ்னே ஆகிவிடுவாள். யானோஷின் மனைவி என்று பொருள். கணவனின் முழுப்பெயரோடு ஒரு விகுதி சேரும். அவளுடைய பெயர் ஓரெழுத்துக்கூட மிஞ்சாது. நெடுங்காலம் அரசு ஏட்டிலும் வீட்டுக் கதவிலும் அதுதான் அவள் பெயர். ரோமாபுரியில் தகப்பன் குலத்துக்குப் பெண்பால் விகுதி, புடாபெஸ்டில் கணவன் பெயருக்குப் பெண்பால் விகுதி. இடையில் ஈராயிரம் ஆண்டுகள். நம் ஊரில் ‘இன்னார் சம்சாரம்’ என்று ரேஷன் கடையில் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பெயருக்கு மறுபடி ஒரு காலம் வந்தது. லைப்சிக் நகரில் 1819இல் பிறந்த கிளாரா வீக், சிறு வயதிலேயே பியானோ மேடையில் புகழ்பெற்றார். அவர் பெயரில் ஒரு நாட்குறிப்பு இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதிகளை ‘நான்’ என்று தன்மையில் எழுதியவர் அவர் தகப்பனார். மகளின் கையில் வந்த பிறகும் அதைப் பார்வையிட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தகப்பனோடு நீதிமன்றம் வரை போராடி, 1840இல் இசையமைப்பாளர் ஷூமனை மணந்து கிளாரா ஷூமன் ஆனார். ஐரோப்பா அவரை நினைப்பது கிளாரா என்றுதான். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் நூறு மார்க் தாளில் அவர் முகம் இருந்தது.

மகளிர் நாள் கொண்டாடும் தோழியர் அனைவரும் அறிந்த கிளாரா ஜெட்கின், பிறப்பால் ஐஸ்னர். ஒசிப் ஜெட்கினைச் சட்டப்படி மணக்காமலே அவர் பெயரை ஏற்றார். 1910இல் கோபன்ஹேகன் மாநாட்டில் அனைத்துலக மகளிர் நாளுக்கான தீர்மானத்தை முன்வைத்தவர் அவர். இந்தியாவுக்கு வந்த கிளாராக்களில் முதலில் நினைக்க வேண்டியவர் அமெரிக்க மருத்துவர் கிளாரா ஸ்வைன். 1870இல் பரேலிக்கு வந்து, ஆண் மருத்துவரிடம் போகத் தடைப்பட்டிருந்த பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். கேரளத்தில் அல்போன்சா அம்மா சேர்ந்திருந்த துறவற சபையும் கிளாராவின் பெயரைத் தாங்கியதே. அல்போன்சாவுக்கு 2008இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இந்த வரிசையை நீட்டிக்கொண்டு போகலாம். நீட்டவில்லை. நான் நின்று பேச விரும்பும் இடம் பாளையங்கோட்டை.

கிளாராவுக்குக் கிளைப்பெயர்கள் பல. கிளாரிஸ், கிளாரிசா, கிளாரிந்தா. கடைசிப் பெயர் மற்ற இரண்டையும்விட வேறுபட்டது. அதற்குத் திருநாள் இல்லை, கோயில் வழக்கமும் இல்லை. அது கவிஞர்கள் ஆக்கிய பெயர். ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் 1596இல் வெளியிட்ட தேவதை அரசி காப்பியப் பகுதியில், போர்மகள் ஒருத்தியின் பணிப்பெண்ணாகக் கிளாரிந்தா வருகிறாள். பெலிந்தா, தொரிந்தா, லுசிந்தா போலப் பாட்டில் அழகாக ஒலிக்கும் என்பதற்காகவே ‘இந்தா’ ஒட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலம் படித்த இளைஞன் ஒருவனுக்குக் கிளாரிந்தா என்றால் காதல் கவிதைப் பெயர்.

தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண். கோகிலா என்பது அவர் இயற்பெயர் என்று திருநெல்வேலித் திருச்சபை மரபு சொல்லும். கணவர் தஞ்சை அரண்மனையைச் சார்ந்தவர். அவர் இறந்துபோனார். சிதையேற்ற முயன்றபோது ஆங்கிலப் படை அதிகாரி லிட்டில்டன் அந்தப் பெண்ணைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த அதிகாரியோடு வாழ்ந்து, ஆங்கிலமும் கிறித்தவமும் கற்று, அவர் மாற்றலாகி வந்தபோது பாளையங்கோட்டைக்கு வந்தார். திருமணமாகாத வாழ்வு என்பதால் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் வைத்தார்கள். சில ஏடுகளில் ராஜ கிளாரிந்தா என்றும் இருக்கிறது.

1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. நாற்பது பேர், பல சாதியினர். அந்தச் சிறு சபைக்குத் தலைவி இந்த அம்மையார். அவர் முயற்சியால் எழுந்த கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து திறந்துவைத்தார். சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூர்வரை போய்க் கேட்டவரும் அவரே. அப்படி வந்தவர் சத்தியநாதன். 1790இல் அவர் குருப்பட்டம் பெற்றார். பின்னாளில் திருநெல்வேலித் திருச்சபை என்று ஆலமரமாக விரிந்த சபையின் முதல் வேர் ஒரு விதவைப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது.

இப்போது பெயரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஞானஸ்நானத்துக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1787 இறுதியில், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு எடின்பரோவில் ஆக்னஸ் மக்லிஹோஸ் என்ற பெண்மணியின் நட்புக் கிடைத்தது. கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர் அவர். கடிதங்கள் வெளிப்பட்டால் பழி வருமே என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணிக்குக் கிளாரிந்தா, பர்ன்ஸுக்குச் சில்வாண்டர். எடின்பரோவில் கிளாரிந்தா ஒரு பெண்ணை மறைக்கும் பெயர். பாளையங்கோட்டையில் அதே பெயரை ஒரு விதவை பலர் முன்னிலையில் ஏற்று, அதே பெயரில் கோயில் கட்டினார். எடின்பரோவில் இருந்தவரைவிடப் பாளையங்கோட்டையில் இருந்தவரே அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து தாங்கினார் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் ஊர் என்ன செய்தது தெரியுமா? கோயிலுக்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெயர் வைத்தது. அவர் வெட்டுவித்த கிணற்றுக்குப் பாப்பாத்தியம்மாள் கிணறு. அன்பாகத்தான் வைத்தார்கள், நன்றியோடுதான் வைத்தார்கள். ஆயினும் எந்தக் குலம் அந்தப் பெண்ணை வாழத் தகாதவள் என்று ஒதுக்கியதோ, அந்தக் குலத்தின் பெயரிலேயே ஊர் அவரை அழைத்தது. ரோமாபுரியின் கொர்னேலியா நினைவுக்கு வருகிறாள். ஏட்டில் சொந்தப் பெயர் ஏறிவிட்டது, நாக்கில் ஏறவில்லை. இன்று பாளையங்கோட்டையில் கிளாரிந்தா ஆலயம் என்றே சொல்கிறார்கள். அந்த மாற்றத்துக்கு அ. மாதவையாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ‘முத்துமீனாட்சி’ நாவலில் இளம் விதவையின் துயரத்தை எழுதிய அவர், 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்குக் ‘கிளாரிந்தா’ என்றே பெயரிட்டார். திருநெல்வேலிச் சீமையில், பெருங்குளத்தில் பிறந்த பிராமணர் அவர். அவர் பாப்பாத்தியம்மாள் என்று நாவலுக்குத் தலைப்பு வைக்கவில்லை. அந்த நாவலைச் சரோஜினி பாக்கியமுத்து தமிழாக்கினார்.

தமிழ் ஒரு வேற்றுப் பெயரை ஏற்பதற்கு இரண்டு வழிகள் வைத்திருந்தது. ஒன்று, பொருளைப் பெயர்ப்பது. லாசரஸ் என்ற பெயரைத் தேவசகாயம் என்றார்கள். கான்ஸ்டான்டியஸ் பெஸ்கி என்ற இத்தாலியர் இங்கே தைரியநாதர் ஆனார், கான்ஸ்டான்டியஸ் என்றால் உறுதியுடையவர். நாம் அறிந்த வீரமாமுனிவர் அவரே. அந்தப் பெயரைத் தாங்கிய மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையின் மனைவி பார்கவி, தெரேசா என்ற பெயரை ஏற்று, தமிழில் ஞானப்பூ அம்மாள் ஆனார். இரண்டாவது வழி, ஒலியை நம் வாய்க்கு வளைப்பது. கிளாரா இரண்டாவது வழியில் வந்தது. தமிழில் சொல்லின் முதலில் தனிமெய் நிற்காது. தொல்காப்பியர் காலத்து விதி. கிரமம் என்றும் கிளாஸ் என்றும் இடையில் இகரம் போட்டு நாம் வடசொல்லுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே வாசலைத்தான் திறந்தோம். அதே வாசல் வழியே வந்து கிளாரா நின்றாள். கிளாரிந்தாவைச் சிலர் குளோரிந்தா என்று எழுதியதும் அந்த வாசலில் நின்ற உயிரின் வேறுபாடே.

இங்கே ஒரு தடுமாற்றம் வரும். தமிழில் கிளர் என்றால் எழுதல், ஒளிர்தல். கிளத்தல் என்றால் எடுத்துச் சொல்லுதல். கிளவி என்றால் சொல். ஒளியும் குரலும் ஒன்றாக வருகின்றனவே, கிளாரா தமிழ்ச்சொல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்ல இயலாது. புகைக்கும் ஹொகெக்கும் உறவு சொல்ல நம்மிடம் பால், பல், பத்து, புலி என்று சாட்சிகள் வரிசையாக இருக்கிறார்கள். கிளருக்கும் கிளாராவுக்கும் அப்படி ஒரு வரிசை இல்லை. இரண்டு மொழிகளில் இரண்டு சொற்கள் தற்செயலாக ஒத்திருக்கின்றன. தமிழின் பெருமைக்கு இந்த ஒப்புமை தேவையில்லை. மாணவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வரிசை இல்லாமல் உறவு பேசாதீர்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் லியோனார்டோ சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி தொடங்கிய மைசூர் மிஷன் கன்னட நாட்டிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்கள்வரை பரவியது. பின்னர் பாரிஸ் மிஷன் குருக்கள் வந்தார்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானது, அதிலிருந்து 1997இல் தருமபுரி பிரிந்தது. இந்த நெடுங்காலத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். ‘இன்னாருடைய மகள் கிளாராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்’ என்ற வாசகத்தில் பெயர் இரண்டாம் வேற்றுமையில் வரும், கிளாராம் என்று. பேரப்பிள்ளைகள் சான்றிதழுக்காகப் போய்ப் பார்த்துப் பாட்டியின் பெயரில் ஏன் ஓர் எழுத்துக் கூடியிருக்கிறது என்று மலைப்பது இதனால்தான். அது பிழை அல்ல, லத்தீன் ஐகார உருபு.

குழந்தைக்குப் புனிதர் பெயர் வேண்டும் என்பது வெறும் வழக்கம் அல்ல, சட்டம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 761ஆம் விதிப்படி, கிறித்தவப் பெயர் இடும்படி பங்குகுரு பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் இணங்காவிட்டால், அவர்கள் இட்ட பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இதைத் தளர்த்திவிட்டது. கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்று மட்டும் 855ஆம் விதி சொல்கிறது. அதனால்தான் மூத்த தலைமுறைப் பெண்கள் பலருக்குக் கோயிலில் கிளாரா, வீட்டில் செல்வி அல்லது பாப்பா. இளைய தலைமுறையில் சுடர்விழி, அருள்மொழி என்று தமிழ்ப் பெயர்கள் கோயிலுக்கு உள்ளேயே வந்துவிட்டன. இரண்டையும் நான் வரவேற்கிறேன். நூறு ஆண்டுகள் தமிழ்த் தாய்மார் வாயால் கூப்பிட்டு வளர்த்த கிளாராவை வேற்றுப் பெயர் என்று தள்ளுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த அருவியைத் தாண்டிக் காவிரி போய் விழுவது மேட்டூர் நீர்த்தேக்கத்தில். 1925இல் தொடங்கி 1934இல் அணை முடிந்தபோது பல ஊர்கள் நீருக்குள் போயின. பண்ணவாடிப் பரிசல் துறையின் பக்கம், நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு கிறித்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் தலைகாட்டுவதைச் செய்தித்தாளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். பலர் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கோபுரத்தைப் படமெடுக்கிறார்கள். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, பொட்டியும் படுக்கையுமாக மேட்டு நிலத்துக்கு ஏறிய பெண்களின் பெயர்களை யாரும் கேட்பதில்லை. கட்டடம் தண்ணீருக்குள் போகும், பெயர் போக வேண்டியதில்லை. அதை எழுதி வைத்தால் போதும்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டு மூத்த பெண்கள், எந்தச் சமயத்தவராயினும் சரி, ஒவ்வொருவரிடமும் நான்கு பெயர்களைக் கேளுங்கள். பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர், கோயிலிலோ சடங்கிலோ இட்ட பெயர், பள்ளியிலும் ஆதாரிலும் எழுதிய பெயர், புகுந்த வீட்டில் கூப்பிட்ட பெயர். நான்காவது பெரும்பாலும் ‘ஏ புள்ள’ என்றோ ‘இன்னார் அம்மா’ என்றோ இருக்கும், அதையும் அப்படியே எழுதுங்கள். அவர் உச்சரிக்கிறபடி எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். கிளாரா, கிலாரா, கிளாரம்மா எதுவாயினும் அவர் வாயில் வருவதே சரி. கடைசியாக ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள். இவற்றில் எந்தப் பெயரால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று விரும்புகிறீர்கள் பாட்டி என்று கேளுங்கள். பென்னாகரம் வட்டத்தில் இந்த ஓராண்டில் நூறு பெண்களின் பெயர்க்கதைகள் சேர்ந்தால், அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வெளியூரிலிருந்து ஆள் அழைக்க வேண்டாம். அந்த ஏட்டை எழுதிய மாணவியே வந்து பேசட்டும். அறக்கட்டளைக் குடும்பத்தார் இதற்கு இசைவு தெரிவித்திருக்கிறார்கள் என்பதையும் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். ஏடு வாங்கும் செலவு என்னுடையது.